சந்திர சூரியர் உள்ளவரை ஓடும் லூப்: கூரம், உத்திரமேரூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் வெளிவந்தபோதே அதில் 'டூ' லூப் இருந்தது; ஆகவே லூப் பிறந்த இடம் அமெரிக்கா என்பர். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வராதவர்களின் கூற்று இது.

முதற்சான்று கூரம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் இவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு ஒரு கிராமத்தையே கொடுத்தான். அதை 25 பங்காக்கி, ஒரு பங்கை மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென வைத்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. எதுவரை வாசிப்பது? தானம் என்றாலே சந்திர சூரியர் உள்ளவரை என்பதுதான் அக்கால மரபு. இது அப்பட்டமான 'வைல்' லூப்: ஒவ்வொரு சுற்றுக்கும் முன் நிபந்தனையைப் பார், உண்மை என்றால் இன்னொரு முறை செய். சூரியன் அணைகிற வழியாய் இல்லை. ஆகவே இன்ஃபினிட் லூப். பிறகு ஏன் நின்றது எனின், கரண்ட் போனால் எந்த லூப்பும் நிற்கும். பல்லவர் போனார்கள் என்க.

ஓட விடத் தெரிந்தது கூரம். நிறுத்தத் தெரிந்தது உத்திரமேரூர். ஊர் வாரியங்களுக்குக் குடத்தில் ஓலையிட்டு ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு 919-இல் முதல் வெர்ஷன். 921-இல் திருத்திய வெர்ஷன். முன்னதில் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு பின்னதில் 35 முதல் 70 ஆயிற்று. இரண்டே வருஷத்தில் அப்டேட்!

வெளி லூப், ஊரின் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். உள் லூப், ஒவ்வொரு குடும்பிலும் உள்ள பெயர்கள். வயது பொருந்தவில்லையா, சொந்த மனையில் வீடு இல்லையா, மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரா? 'கன்டினியூ': இவரை விடு, அடுத்தவரைப் பார். கணக்குக் காட்டாமல் போனவருக்கு இன்னும் நீளமான கன்டினியூ. அவரோடு அவர் தகப்பன், பிள்ளை, சித்தி பெரியம்மா பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் எல்லோரும் தள்ளுபடி. இந்த ஒரு வரியை இன்று ஓட்டினால் பல ஊர்களில் குடம் காலியாகவே இருக்கும்.

மிஞ்சிய பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரே ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? பெயர் வாசித்தாயிற்று, 'பிரேக்'. அந்தக் குடத்தில் மீதி ஓலைகளை யாரும் பார்ப்பதில்லை. நிற்பது உள் லூப் மட்டுமே என்பதை மாணவர் கவனிக்க. வெளி லூப் அடுத்த குடும்புக்கு நகரும்.

தேர்வானவர் பதவி 360 நாள் சுற்று. இடையில் குற்றம் கண்டால் அன்றே நீக்கம், அதுவும் பிரேக்தான்.

மறுப்பாளர் ஒருவர், பைத்தானில் 'பாஸ்' என்றொரு கூற்றும் உண்டே, அது இக்கல்வெட்டில் எங்கே என வினவலாம். பாஸ் எதுவும் செய்யாது. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். ஏரி வாரியத்தின் ஆறு இடங்களில் ஒன்றைக்கூட அதற்கு ஒதுக்க உத்திரமேரூர் சபையாருக்கு மனம் வரவில்லை.