மூடிய சப்வே இயல்: ஒரு முன்னுரை

சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. ஓடாமல், அசையாமல், ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் கிடக்கும் மூடிய சப்வேயை ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் அத்தடத்தில் உள்ள ஒரு நிலையம். பெயரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் ‘எங்களுடையதை விட்டுவிட்டீர்களே’ என்று கோபித்துக்கொள்வார்கள்.

இத்துறைக்கு முன்னோடி லண்டனில் இருக்கிறது. தேம்ஸ் நதிக்கு அடியில் மார்க் புரூனல் 1825இல் சுரங்கம் வெட்டத் தொடங்கினார். நதி பலமுறை உள்ளே புகுந்து பார்வையிட்டுச் சென்றது. ஒருவழியாக 1843இல் பாதசாரிகளுக்குத் திறந்து, ஆளுக்கு ஒரு பென்னி வாங்கினார்கள். 1869இல் அதற்குள் ரயிலே ஓட ஆரம்பித்துவிட்டது. அங்கே நடப்பவர்களின் சுரங்கத்தை ரயில் எடுத்துக்கொண்டது. நம்முடையதைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. இரண்டிலும் வெளியேறியவர் பாதசாரிதான்.

தொல்காப்பியர் வகுத்த திணைகள் ஐந்திணையோடு கைக்கிளை, பெருந்திணை சேர்த்து ஏழு. மூடிய சப்வேயை எட்டாவதாகச் சேர்க்க இலக்கணத் தடை ஏதும் தெரியவில்லை. முதற்பொருளில் நிலம், தண்டவாளமும் தண்டவாளம் சார்ந்த பள்ளமும்; பொழுது, ஐப்பசி முதல் அடுத்த ஐப்பசி வரை. கருப்பொருள்: கொசு, தவளை, காலி பாட்டில், சுவரில் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. உரிப்பொருளைப் பொறுத்தவரை, காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும்.

இனிப் பூட்டு. இரும்புக் கதவில் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டியிருக்கிறார்கள். மழையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூட்டின்மேல் பாலித்தீன் பை ஒன்றைக் கவிழ்த்து ரப்பர் பேண்டும் போட்டிருக்கிறார்கள். பராமரிப்புப் பணி நடப்பதாகப் பலகை சொல்கிறது. நேரில் ஆராய்ந்த வகையில் பராமரிக்கப்படுவது பூட்டு மட்டுமே.

மூடியது ஏன் என்பதில்தான் நுட்பமே இருக்கிறது. தண்டவாளத்துக்கு நேர் கீழே உள்ள கான்கிரீட் பெட்டி ரயில்வேயுடையது. இருபுறமும் இறங்கும் படிகளும் வெளியே ஓடும் மழைநீர் வடிகாலும் உள்ளாட்சியுடையவை. தண்ணீருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. மேற்குப் படியில் விழும்போது உள்ளாட்சித் தண்ணீராக இருப்பது, கடைசிப் படி தாண்டியதும் மத்திய அரசுத் தண்ணீராகிவிடுகிறது. சரி, மோட்டார் வைத்து இறைக்கலாம் என்றால், இறைத்ததை எங்கே விடுவது? வடிகாலில்தான். வடிகால் ஏற்கெனவே தூர்ந்து நிரம்பியிருப்பதால், விட்ட நீர் சாலையில் ஏறி, அதே படி வழியாக மறுபடி கீழே இறங்குகிறது. பள்ளிப் பாடநூலில் போட்டிருக்கும் நீர்ச்சுழற்சியில் மேகம் உண்டு. இதில் மேகமே தேவையில்லை. மின்சாரம் இருந்தால் போதும்.

சப்வே வாசலில் பூ விற்ற அம்மா இப்போது மேம்பாலப் படிக்கட்டின் அடியில் கூடையை வைத்திருக்கிறார். எப்போது திறப்பார்கள் என்று கேட்டதற்கு, “தெறந்தா மட்டும் இன்னா கண்ணு? கீழ எறங்குனா செருப்பக் கைல எடுத்துக்கினுதான போவணும்” என்றார். இத்துறையில் இதைவிடத் தெளிவான திறனாய்வு இதுவரை வரவில்லை.

படியேற மனமில்லாதவர்கள் தண்டவாளத்தில் இறங்குகிறார்கள். இவர்களில் இருபுறமும் பார்ப்பவர் ஒரு சாரார். ரயில் வரவேண்டிய திசையை மட்டும் பார்ப்பவர் இன்னொரு சாரார்; பக்கத்துத் தடத்தில் எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகும் என்பது இவர்கள் கணக்கில் இல்லை. செல்போனை மட்டும் பார்ப்பவர்களைப் பற்றி எழுதும்போது நகைச்சுவை வர மறுக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு, இப்படி அத்துமீறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வழியைப் பூட்டி வைத்தவருக்கான பிரிவு இந்த ஆய்வாளர் கண்ணில் இன்னும் படவில்லை.

ஒரு மோட்டார், அதை இயக்க ஓர் ஆள், மழைக்கு முன்பே தூர்வாரிய வடிகால்: இரண்டு அலுவலகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிவெடுக்கலாம். அதுவரை வாசகர்கள் தயவுசெய்து மேம்பாலத்தில் ஏறுங்கள். மூட்டுவலிக்காரர்கள், படிக்கட்டுக்கு நேரே நிற்கும் பெட்டி எதுவென்று தினமும் போய்வருபவர்களிடம் கேட்டு, ஏறும்போதே அதில் ஏறிக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் நடக்கும் தூரமாவது மிச்சமாகும்.