காந்த குணபேத விசாரம்

மின்கிதாரின் தந்திகளுக்கு அடியில், வாசிப்பவன் கண்ணுக்கும் கேட்பவன் கண்ணுக்கும் ஒருங்கே மறைந்து, இரண்டரை அங்குல நீளமும் அரை அங்குல அகலமும் உள்ளதாய், சந்தையில் ஒரு கூறு நண்டுக்கு ஈடாக வைத்தால் நண்டுக்காரி சண்டைக்கு வரத்தக்கதாய்க் கிடக்கும் ஒரு காந்தத் துண்டு, எந்த உலோகக் கலவையால் ஆனதாய் இருந்தால் நாதம் இனிமை பெறும் என்னும் வினா, நம் காலத்து வாலிபர்களிடையே, முன்னாளில் கோயில் யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்னும் விவகாரம் நியாயஸ்தலங்களில் பெற்றிருந்த ஸ்தானத்தைப் பெற்றிருக்கிறது. இவ்வினாவைத் தீர விசாரித்து ஒரு முடிவு காண வேண்டும் என்று நான் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டேன். அவ்வூரைத் தேர்ந்துகொண்டதற்கு வெளியில் சொல்லத்தக்க காரணம் ஒன்றும் சொல்லத்தகாத காரணம் ஒன்றும் உண்டு. சொல்லத்தக்கது பின்னால் வரும். சொல்லத்தகாதது இறால்.

ஆராயப்படும் பொருளின் இலக்கணத்தை முதலில் வகுத்துக்கொள்வது ஆன்றோர் மரபு. பிக்கப் எனப்படுவது யாதெனில், 0.063 மில்லிமீட்டர் பருமனுள்ள, அதாவது தலைமயிரோடு போட்டியிடக்கூடிய செம்புக் கம்பியை ஒரு சிறு சட்டத்தின்மேல் 5,000 முதல் 8,000 சுற்று வரை சுற்றி, அதன் உள்ளேயோ அடியிலோ காந்தத்தை வைத்து மூடிய பேழையாகும். காந்தமானது தன் மேலே செல்லும் எஃகுத் தந்தியையும் சகவாச தோஷத்தால் காந்தமாக்கிவிட, அத்தந்தி அதிரும்போதெல்லாம் சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலம் கூடியும் குறைந்தும் அலைக்கழிய, அந்த அலைக்கழிவு மின்சாரமாக மாறி ஆம்ப்ளிபயரைச் சென்றடைகிறது. 1831ஆம் வருஷம் பாரடே கண்ட விதி இது. இதில் காந்தம் பாடுவதுமில்லை, அசைவதுமில்லை. கல்யாண வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவைப் போல, இருந்தாலே போதும் என்னும் பதவி அதற்கு.

ஆனால் பெரியப்பா எந்தக் குலம் என்று கேட்பதற்குத்தானே உலகம் இருக்கிறது! 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கர் கம்பெனியார் செய்த முதல் மின்கிதாரில், தந்திகளைச் சுற்றி வளைத்து இரண்டு லாட வடிவக் காந்தங்கள் வெளிப்படையாகவே வீற்றிருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில், 1931இல், ஜப்பானிய அறிஞர் மிஷிமா, இரும்போடு நிக்கலையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கினால் அதுவரை இருந்த காந்த எஃகுகளையெல்லாம் வெட்கப்படச் செய்யும் கலவை பிறப்பதைக் கண்டார். பின்னர்க் கோபால்ட்டும் சேர, மூன்று பெயர்களின் தலைகளைக் கொய்து ஒட்டி ‘அல்நிகோ’ என்று நாமகரணம் செய்தார்கள். இதில் ஐந்தாம் ரகத்தில் நூற்றுக்கு 24 பங்கு கோபால்ட். இரண்டாம் ரகத்தில் சுமார் 13. மூன்றாம் ரகத்திலோ கோபால்ட் அறவே இல்லை. பெயரின் கடைசி எழுத்துக்கு உரிய பொருளே உள்ளே இல்லாமல் அப்பெயரைத் தரித்து உலாவும் இம்மூன்றாம் ரகத்தை, சிதம்பரம் என்று பெயர் வைத்துக்கொண்டு சிதம்பரம் போகாதவரோடு ஒப்பிடலாம். அதனால் அவருக்கொன்றும் குறைவில்லை.

இனிப் பூர்வபக்ஷம். இரண்டாம் ரகத்தைக் கொண்டாடுவோர், அதன் நாதம் வெண்ணெய் போன்றது, அடிஸ்தாயி சற்றே குழைந்து வரும் என்பர். ஐந்தாம் ரகத்தார், தெளிவும் கணீரென்ற மேல்ஸ்தாயியும் இறுகிய அடித்தளமும் தம்முடையதில்தான் உண்டு என்பர். செராமிக் என்று வியாபாரத்தில் வழங்கும் பெரைட்டுக் காந்தத்தை இவ்விரு சாராரும் சேர்ந்து, மலிவு, முரடு, காதைக் கிழிப்பது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் ரகம் தன்னகத்தே தேக்கி வைக்கும் காந்தத் திண்மை செராமிக்கினுடையதைப் போல் மூன்று மடங்கு. செராமிக்கின் விசேஷம் பிடிவாதம். எதிர்ப்புலத்துக்கு இணங்கித் தன் காந்தத்தை இழந்துவிடாத வைராக்கியம் அதற்கு அல்நிகோவைவிடப் பல மடங்கு அதிகம். செராமிக் வைத்த பிக்கப்புகளில் பெரும்பாலும் கம்பியையும் கூடுதலாகச் சுற்றி விடுகிறார்கள். சுற்று கூடினால் ஒலியின் நிறம் மாறுவது சகஜம். பழி மாத்திரம் காந்தத்தின் தலையில். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது கிதார் சாஸ்திரத்துக்கும் பொருந்தும் என்பதை இலக்கணகாரர்கள் கவனிக்கவில்லை.

இவர்கள் எல்லோரும் ஆகமப் பிரமாணமாகக் காட்டுவது, கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் 1955இல் வடிவமைத்து, 1957 முதல் கிதார்களில் ஏறிய இரட்டைச் சுருள் பிக்கப். ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்று’ என்று அடியில் ஒரு சீட்டு ஒட்டப்பட்ட அப்பழம்பொருளுக்கு இன்று மனிதர்கள் வீட்டை அடமானம் வைக்கவும் சித்தமாயிருக்கிறார்கள். அதற்குள் இருந்த காந்தம் எந்த ரகம் என்று பார்த்தால், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஆகிய நான்கும் அகப்படுகின்றன. அன்றைக்குத் தொழிற்சாலையில் எது கையிருப்போ அதை எடுத்துச் சொருகியிருக்கிறார்கள். இந்தச் செய்தியை அல்நிகோ பக்தர்களிடம் சொல்லிப் பயனில்லை. ஸ்தலபுராணத்தைக் கல்வெட்டைக் காட்டி யாரும் மறுத்துவிட முடியாது.

நம் நாட்டு அனுபவமும் ஒன்று உண்டு. 1981இல் சென்னை மேடையேறிய பாலகன் மாண்டலின் ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளைக் களைந்து ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கிய மின்மாண்டலினில், பிறந்தவுடன் மடிந்துபோகும் அவ்வாத்தியத்தின் ஓசையைக் கமகம் தாங்குமளவுக்கு நீட்டித்துக் காட்டினார். தோடியைக் கேட்டுத் தலையாட்டிய ரசிகர்களில் ஒருவரும், உள்ளே இருக்கும் காந்தம் எத்தனையாம் ரகம் என்று வினவியதாகக் கேள்விப்பட்டதில்லை. சங்கீத விமர்சகர்கள்கூட வினவவில்லை. அவர்கள் வினவாமல் விட்டது அபூர்வம்.

நிற்க. பழவேற்காட்டுக்கு வருவோம். எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு வாயில் காக்கும் ஒல்லாந்தர் கல்லறையைக் கடந்து ஏரிக்கரைக்குப் போகும்போது, எனக்கு ஒரு சரித்திர உண்மை பளிச்சிட்டது. 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பி, இவ்வட்டாரத்துத் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கீழைத் தீவுகளுக்கு ஏற்றினார்களே, மலாய்க்காரர்கள் இன்றும் கைலியை ‘பெலிக்கட்’ என்று இவ்வூர்ப் பெயராலேயே வழங்கும்படி செய்தார்களே, அதே ஒல்லாந்து தேசத்தில்தான், ஐந்தோவன் நகரத்துப் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தார் 1952இல் பெரைட்டுக் காந்தத்தை உலகுக்கு வெளியிட்டார்கள். கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம், இரும்புத் துருவும் பேரியமும் போதும் என்று அவர்கள் காட்டியதனால்தான், ஒலிபெருக்கி என்னும் சாதனம் குப்பந்தோறும் குடிபுகுந்தது. கைலிக்கு விலையாகக் காந்தம் வந்தது என்று ஒரு வாணிபச் சமன்பாட்டை நான் இங்கே முன்வைக்கிறேன். இடையில் 339 வருஷம் கடன் நிலுவையில் இருந்ததைப் பெரிது படுத்த வேண்டியதில்லை.

குப்பமொன்றில், திருவிழாக்களுக்கு வாசிக்கும் வாலிபர் குழுவில் ஒரு தம்பி, யாரோ உழைத்துத் தள்ளிவிட்ட மின்கிதார் ஒன்றை வைத்திருந்தார். உள்ளே இருந்தது செராமிக். நான் கையோடு இரண்டாம் ரக அல்நிகோ ஒன்றும் ஐந்தாம் ரகம் ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே சொரசொரப்பு. இரட்டைப் பிள்ளைகளைத் தாயாலும் பிரித்தறிய முடியாத வகை. ஆகையால், பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஆயாவின் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு சொட்டுச் சுண்ணாம்பு வாங்கி, இரண்டாம் ரகத்துக்குத் திலகமிட்டேன். ஆயாவையே நடுவராகவும் நியமித்தேன். தந்திகளைத் தளர்த்தி, திருகுகளைக் கழற்றி, பாலத்தை ஒட்டியுள்ள பிக்கப்பின் அடியில் காந்தத்தை மாற்றி மாற்றிச் சொருகி, தம்பி ஒரே கீதத்தை மூன்று முறை வாசித்தார். முற்பகல் முழுவதும் இதிலேயே கழிந்தது.

“எப்படி இருக்கிறது, ஆயா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

“அதேதான் இரையுது” என்றார் ஒவ்வொரு முறையும்.

மூன்றாம் முறை சலித்துப்போன தம்பி, பாலத்துப் பிக்கப்பிலிருந்து கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்குச் சுவிட்சைத் தட்டினார். ஆயா உரித்த இறாலைச் சட்டியில் போடாமல் நிமிர்ந்தார். “இது வேற. இது நல்லாக் கீது.”

அருகே வலை சீர்ப்படுத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், இதில் வியக்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னார்: “பாடு மாறிப்போச்சு சார். பாடு வாய்க்கலன்னா வலை இன்னா பண்ணும்?”

பழவேற்காட்டை நான் தேர்ந்ததற்குச் சொல்லத்தக்க காரணம் ஒன்று உண்டு என்றேனே, அது அந்தக் கணத்தில்தான் எனக்கே தெரிந்தது. இந்த ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில் எந்த இடத்தில் யார் எந்நாள் வலை கட்டுவது என்பதை, தலைமுறை தலைமுறையாக முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்துக்கும் முறைக்கும் பாடு என்று பெயர். கடலும் ஏரியும் மூச்சு விட்டுக்கொள்ளும் அந்த வாய்க்கருகே ஒரு பாடு கிடைத்தவனுக்கு, ஓதத்தோடு இறால் தானே வந்து வலையில் ஏறும். உள்ளே தள்ளி நின்றவன் பட்டுநூலால் வலை பின்னினாலும் பாசிதான் மிஞ்சும். அதிரும் தந்தியும் அத்தகைய ஓர் ஏரியே. அதன் இரு முனைகளும் அசையாதவை. பாலத்தருகே அசைவு குறைவு, அங்கே மேல்ஸ்தாயிச் சிற்றலைகளின் பங்கே மிகுதியாய்த் தெரியும், ஓசை கூர்மையாகும். நடுவை நோக்கி நகர நகரப் பேரலை வலுத்து ஓசை உருண்டு திரளும். பிக்கப் எந்த இடத்தில் தன் வலையைக் கட்டியிருக்கிறதோ அந்த இடத்து மீனே அதற்கு அகப்படும். தந்திக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியும் பாட்டில் அடங்கும்: மிக நெருங்கினால் காந்தம் தந்தியைத் தன்பால் இழுத்து அதன் அதிர்வைக் கெடுத்துச் சுருதியையே நடுங்கச் செய்யும், ஒரு திருகைச் சிறிது தளர்த்தினால் குணமாகும் இந்நோய்க்குத்தான் பலர் ரகம் மாற்றிப் பணம் செலவழிக்கிறார்கள். ஒரே சொல் இடத்தையும் முறையையும் கஷ்டத்தையும் குறித்து, ஏவலாக நின்றால் சங்கீதத்தையும் குறிக்குமாறு நம் மொழி அமைத்து வைத்திருக்க, நாதத்தின் ரகசியத்தை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேடிக்கொண்டிருந்தேனே என்று சற்று நாணினேன்.

காந்தத்துக்கு வேலையே இல்லை என்பது சித்தாந்தமன்று. அல்நிகோவைச் சுருளின் நடுவிலேயே குச்சிகளாக நட்டால், அது காந்தம் என்ற பதவியோடு இரும்பு என்ற பதவியையும் வகித்து, சுருளின் குணத்தைச் சிறிது மாற்றும். கேட்கப் பழகிய காதுக்கு அது கேட்கும். ஆயாவின் காது பழகாதது என்று வாதிக்கலாம். விடியுமுன் இயந்திரச் சத்தத்தைக் கேட்டே யாருடைய படகு திரும்புகிறது என்று சொல்லக்கூடிய காது அது என்பதையும் வாதிப்பவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வூரில் வேறொரு விமர்சகரும் இருக்கிறார், அவர் உப்புக்காற்று. மாதா கோயில் மணியின் சங்கிலி முதல் பைபர் படகின் இயந்திரத் திருகு வரை எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. கிதாரின் எஃகுத் தந்தி புதிதாய் மாட்டிய சில நாட்களிலேயே சிவந்து, ஓசை மழுங்குகிறது. தம்பி அதைத் தேங்காய் எண்ணெயால் துடைத்து வைக்கிறார். காந்தங்களில் அதிபலசாலியான, 1980களில் பிறந்த நியோடைமியம்கூட நிக்கல் கவசம் பூணாவிட்டால் இக்காற்றில் பொடிந்துபோகும். அஞ்சாமல் நிற்பது விலக்கி வைக்கப்பட்ட அந்தச் செராமிக் ஒன்றுதான். அது ஏற்கெனவே துருவால் ஆனது. துருவை மேலும் துருப்பிடிக்க வைக்கும் உபாயம் கடவுளுக்கும் அகப்படவில்லை. உடைந்த ஒலிபெருக்கியின் வளையக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, குப்பத்துக் குழந்தைகள் மணலில் இழுத்துக் கருமணல் தாடி வளர்த்து விளையாடுவதைக் கண்டேன். எத்தனை மழை கண்டதோ, அதன் பிடி தளரவில்லை.

உச்சிப்பொழுதில், ஐந்தாம் ரகத்தையும் கழற்றி இரண்டாம் ரகத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆராய்ச்சியின் சொல்லத்தகாத காரணத்தைக் கவனிக்க ஆயாவின் வீட்டுக்குள் போனோம். சாப்பாடு நீண்டது. மீண்டு வந்தபோது தம்பி கிதாரை மூட்டி முடித்தார், “ரெண்டாவதைத்தானே போடச் சொன்னீங்க சார்” என்றார், ஆம் என்றேன். அந்தி வேளையில், பூநாரைகள் தொலைவில் வரிசையாக நிற்க, அவர் வாசித்ததைக் கேட்டு, ‘இரண்டாம் ரகத்தின் குழைவு செராமிக்கில் இல்லாதது, வெண்ணெய் என்று பெரியோர் கூறியது மிகையன்று’ என்று நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினேன்.

எழுதி முடித்த சமயம், ஒரு சிறுவன் மற்ற காந்தத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். கருமணல் அப்பியிருந்தது. நாங்கள் சாப்பிடும்போது இரண்டையும் எடுத்துப்போய் மணலில் இழுத்ததாகவும், ஒன்றையொன்று தள்ளுமாறு பிடித்து வெகுநேரம் சண்டை விட்டதாகவும், அழுக்காய் இருந்ததால் ஏரியில் கழுவி வைத்ததாகவும் ஒளிக்காமல் சொன்னான். சுண்ணாம்புத் திலகம் அதில் இல்லை. உள்ளே இருப்பதிலும் இல்லை என்று தம்பி சொன்னார். ஆணிகளைத் தூக்கவைத்துப் பார்த்தால் ஐந்தாம் ரகத்தை அடையாளம் காணலாம் என்று யோசனை கூறி, கிதாரை மறுபடி பிரிக்கச் செய்தேன். ஒத்த முனைகளை மோதவிட்டால் அல்நிகோ தன் பலத்தை இழக்கும் என்பதை நான் அறிந்தும் மறந்திருந்தேன். இரண்டும் ஆளுக்கு ஏழு ஆணி தூக்கின.

“எதைப் போடட்டும் சார்?” என்றார் தம்பி.

“கையில் எது இருக்கிறதோ அதை” என்றேன்.