டிராகுலாவும் டெலிவரி ரசீதும்

டிராகுலாவைப் படிக்காதவர்களுக்கும் அவருக்கு என்னென்ன ஆகாது என்று தெரியும்: பூண்டு, சிலுவை, நெஞ்சில் மரமுளை. பத்தியக்காரர் வீட்டு விருந்து மாதிரி உலகமே அந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிறது. ஆனால் பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலை எடுத்துப் படித்தால், டிராகுலா பிரபுவின் குடியைக் கெடுப்பவை ரசீதும் கணக்கு நோட்டும் தட்டச்சு நகலும்தான். சர்வீஸ் முழுக்க மத்திய அரசு ஆபீஸ் ஒன்றின் தபால் பிரிவில் குப்பை கொட்டிய எனக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

விமர்சகர்கள் கண்ணாடியில்தான் ஆரம்பிப்பார்கள். பிரபு லண்டனில் வீடு வாங்கும் விஷயமாக அவர் கோட்டைக்கு வந்த இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பின்னால் வந்து தோளில் கை வைக்கிறார் பிரபு; கண்ணாடியில் ஆளையே காணோம். அடுத்த நிமிஷம் பிரபு கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார். ஆன்மா இல்லாதவனுக்குப் பிம்பமும் இல்லை என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். ஹார்க்கரின் டைரியிலோ, இனி எதைப் பார்த்துச் சவரம் செய்வது என்ற சலிப்புதான் இருக்கிறது. நல்லவேளை, சவரக் கிண்ணத்தின் அடிப்பாகம் உலோகமாம்.

என்னை நடுங்க வைத்தது கண்ணாடி அல்ல, படுக்கை. பிரபு தன் கையாலேயே விருந்தாளிக்குப் படுக்கை போடுகிறார். சாப்பாட்டு மேஜையைத் தயார் செய்வதையும் ஹார்க்கர் கதவிடுக்கு வழியே பார்த்துவிடுகிறார். அப்படியானால் கோட்டையில் வேலையாளே இல்லை. ராத்திரி ஹார்க்கரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிவந்தவரும் இவரே! அரண்மனைக்காரர் தானே தட்டு வைக்கிறார் என்றால், கூப்பிட்ட குரலுக்கு வர அங்கே ஒருவரும் மிச்சமில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ரத்தம் எதற்கு?

பூண்டு விஷயத்தில் சினிமாக்காரர்கள் பல்லைத் தொங்கவிடுகிறார்கள். நாவலில் வருவது பூ. டாக்டர் வான் ஹெல்சிங் அதை ஹாலந்தின் ஹார்லெம் நகரிலிருந்து தருவித்து, ஜன்னல் சட்டமெல்லாம் தேய்த்து, பிரபுவின் ரத்தப் பசிக்கு இரையாகிவரும் இளம்பெண் லூசியின் கழுத்தில் மாலையாகவும் போட்டுவிட்டுப் போகிறார். லூசியின் அம்மா வந்து பார்க்கிறார். என்ன நாற்றம், பெண்ணுக்கு மூச்சு முட்டாதா? பூவையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைக்கிறார். மறுநாள் அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். இதய நோயாளி ஆயிற்றே என்று அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. நாவலில் டிராகுலாவுக்கு ஆகப் பெரிய உபகாரம் செய்தவர் காற்றோட்டத்தை நம்பிய அந்த அம்மாள்தான்.

பிரபுவும் லேசுப்பட்டவர் அல்ல. சோபாவில் படுத்துக்கொண்டு இங்கிலாந்து ரயில் கால அட்டவணையைப் படிக்கும் பேய் அவர்! தான் படுத்துறங்கச் சொந்த ஊர் மண்ணை 50 பெட்டிகளில் நிரப்பிக் கப்பலில் அனுப்புகிறார், அதுவும் முறையான கப்பல் சீட்டோடு. அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஏஜென்ட், ரயில் நிலையம், வண்டிக்காரர் என்று ஒவ்வொருவரிடமாகப் போய் ரசீதைப் புரட்டுகிறார் ஹார்க்கர். பிரபு வாங்கிய பழைய வீட்டில் 29, மைல் எண்டில் 6, பெர்மாண்ட்சியில் 6, பிக்காடில்லியில் 9. கணக்கு நேராகிவிட்டது. பேய்க்கதையில் கூட்டல் சரியாக வந்தால் மயிர்க்கூச்செறியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டோக்கருக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது? டப்ளினில் அரசு உத்தியோகம் பார்த்தவர் அவர். 1879-லேயே அயர்லாந்தின் கீழ்க்கோர்ட்டு குமாஸ்தாக்களின் கடமைகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். நம்ம ஆள்!

அதனால்தான் நாவலில் தட்டச்சு இயந்திரத்துக்கு அவ்வளவு மரியாதை. எல்லோருடைய டைரியையும் ஹார்க்கரின் மனைவி மீனா மூன்று நகல்களாக அடித்து வைக்கிறாள். பிரபு புகுந்து காகிதங்களையும் குரல் பதிந்த மெழுகு உருளைகளையும் தீயில் போடுகிறார். பெட்டகத்தில் இன்னொரு நகல் இருப்பது அவருக்குத் தெரியாது. கடைசியில் அவரை முடித்ததும் மரமுளை அல்ல, கழுத்தில் குக்ரிக் கத்தியும் நெஞ்சில் அமெரிக்க வேட்டைக் கத்தியும்.

ஏழு வருஷம் கழித்து ஹார்க்கர் அந்தக் காகிதக் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்: அசல் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை, எல்லாம் தட்டச்சு. எங்கள் செக்‌ஷனுக்கு வந்திருந்தால், "அசலுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்" என்று குறிப்பெழுதித் திருப்பியிருப்போம். பதிவேட்டைப் பொறுத்தவரை பிரபு இன்றும் நடப்புக் கணக்கில்தான் இருப்பார். அவர் செத்தது நவம்பர் 6. மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம். சான்று வரவில்லையே என்று யாராவது ஒரு கடிதம் போட்டிருப்போம், அவ்வளவுதான்.