ஓடாத படகின் இழுவை வீதம்: ஓர் ஆய்வு

துடுப்பு இயந்திரம் என்பது நீர், படகு, கரை ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு, துடுப்பு வலிப்பவரின் களைப்பை மட்டும் குறைவின்றி வழங்குமாறு அமைந்த கருவியாகும். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் கடற்படைத் தலைவர் காப்ரியாஸ், புதிய துடுப்புக்காரர்களைக் கரையிலேயே மரச்சட்டங்களில் அமர்த்திப் பழக்கினார் என்று கூறப்படுதலின், எங்கும் போய்ச் சேராமல் துடுப்பு வலிக்கும் கலை தொன்மையானது என்பது பெறப்படும். இன்றைய ஜிம்களில் பெருவழக்காக உள்ள காற்றுத்தடை இயந்திரத்தின் முன்னோடியை, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1981இல் சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கொண்டு உருவாக்கினர்.

இழுவை நான்கு நிலைகளை உடைத்து. முழங்கால் மடங்கக் கைப்பிடியோடு முன்னே குவிந்திருப்பது பற்றல். காலால் உதைத்து, பின் இடுப்பிலிருந்து உடலைச் சற்றே சாய்த்து, கடைசியில் கையை மடக்குவது உந்தல். கைப்பிடி விலாவின் கீழ்விளிம்பை அணுகுவது முடிபு. கை, உடல், கால் எனத் தலைகீழ் வரிசையில் திரும்புவது மீட்சி. கை நீளுமுன் முழங்காலை உயர்த்துவோர், கைப்பிடியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கடத்த நேர்வது செய்வினைப் பயன் என்க.

இனி, இழுவை வீதமாவது ஒரு நிமிடத்தில் நிகழும் இழுவைகளின் எண்ணிக்கை. நெடுநேரப் பயிற்சிக்கு ஏறத்தாழ 18 முதல் 24 வரையும், 2000 மீட்டர் போட்டிக்குப் பெரும்பாலும் 30க்கு மேலும் கொள்வது வழக்கு. அற்றேல், எண்ணிக்கை ஏற வேகமும் தானே ஏறுமன்றோ எனின், ஏறாது. 34 வீதத்தில் முன்னும் பின்னும் பறந்து, 500 மீட்டருக்கு 2:30 என்று திரை காட்டக் கண்டு திகைக்கும் ஒருவர் ஏறத்தாழ 104 வாட் ஆற்றலையே தருகிறார்; பக்கத்தில் 20 வீதத்தில், உந்தலுக்கு ஒரு பங்கும் மீட்சிக்கு இரு பங்கும் நேரம் ஒதுக்கி, 2:00 காட்டுபவர் தருவதோ 203 வாட். ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால் இவ்வேறுபாடு எழுகிறது. இழுவை ஒன்றுக்குக் கணக்கிட்டால், பின்னவரின் வேலை முன்னவருடையதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். முன்னவர் பயிற்றுவது பெரும்பாலும் இருக்கையின் சக்கரங்களை.

இவ்விரைவுவாதியர்க்கு இன்னொரு மயக்கமும் உண்டு. காற்றுத்தடை தரும் சக்கரக் கூட்டின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை குறிக்கப்பட்ட நெம்புகோலை வீரத்தின் அளவுகோல் எனக் கொண்டு 10இல் நிறுத்துவர். அது கூட்டினுள் புகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது மட்டுமே. காற்று மிகுந்தால், இழுவைகளுக்கிடையே சக்கரம் விரைந்து தளர்ந்து, கனத்த படகை மீண்டும் மீண்டும் கிளப்பும் பாரம் முதுகில் விழும். எனவே பலருக்கு 3 முதல் 5 வரையே பரிந்துரைக்கப்படுகிறது. காலையில் முதலாவதாக வருபவர், நெம்புகோல் நிற்கும் எண்ணைக் கொண்டே, முந்தைய இரவு எக்கொள்கையினர் கடைசியாக எழுந்து போயினர் என்பதைத் துணியலாம்.