டான்ஸ்போர்க், டைப்-3

சகலையோடு இனி எந்தக் கோட்டைக்கும் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடியில் எடுத்த முடிவு. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வடலூர், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் என்று காரில் போனது டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்க. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி, 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டியது. 1708-ல் சீகன்பால்குவை இங்கேதான் நாலு மாதம் அடைத்து வைத்தார்கள். டென்மார்க் ராஜா அனுப்பிய பாதிரியாரை டென்மார்க் கவர்னரே பிடித்து உள்ளே போட்டார். அதை நினைத்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் சகலையை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

டிக்கெட் வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "கார்னர் வீடு, சகல. காத்து பிச்சிக்கிட்டுப் போவும்." கம்பெனி குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளிய நம்மவர்களிடம் தாஜ்மகாலைக் காட்டினாலும் எந்த பிளாக், எந்த டைப், தண்ணி எப்போ விடுவான் என்றுதானே கேட்போம்?

கீழ்த்தளத்தில் கிடங்கு, சிறை. மேலே கவர்னரும் பாதிரியும் வியாபாரிகளும் குடியிருந்தார்கள் என்றேன்.

"கவர்னருக்கும் வியாபாரிக்கும் ஒரே மாடியா? சீனியாரிட்டி பாக்கலையா?"

நாயக்கருக்கு வருஷம் 3,111 ரூபாய் கட்டினார்கள் என்றேன். "கரண்டு சேத்தா, தனியா?" 1620-ல், சார்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். 1784-லிருந்து கவர்னர் எதிரே இருக்கும் பங்களாவுக்குப் போய்விட்டார் என்று சொல்லித் தொலைத்தேன். சகலைக்கு முகமெல்லாம் பிரகாசம். "புரமோஷன்! டைப் மாறிட்டான். பழச யாருக்கு அலாட் பண்ணான்?" மேல்தளம் முழுக்க ஒரு சுற்று வந்தார். சுவரைத் தட்டினார், ஜன்னல் கொக்கியை ஆட்டினார், பின்பக்கம் துணி காயப்போட இடமிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். எதிரே வங்காள விரிகுடா.

1845-ல் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள், பின்னாளில் இது பயணியர் விடுதியாகக்கூட இருந்தது என்றதும்தான் அடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "குடியிருந்தவன் பேருக்கே எழுதிக் குடுத்திருக்கலாம்" என்றார்.

இதற்கு மட்டும் நான் சிரிக்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று ஆணிகளையெல்லாம் பிடுங்கி, ஓட்டைகளில் பற்பசையை அடைத்து விரலால் தேய்த்துவிட்டு வந்தவன் நான். காலண்டர் ஆணி, சாமி பட ஆணி, மகளின் ஊஞ்சல் கொக்கி. ஒரு டியூப் போதவில்லை.

இதற்குள் பூட்டும் நேரமாகிவிட்டது என்று காவலாளி வந்து விரட்டினார். சிறை அறை எது என்று கேட்கக்கூட இல்லை.

திரும்பி வரும்போது வடலூரில் டீ. பாதி கிளாஸில் நிறுத்திவிட்டுச் சகலை கேட்டார்: "அவ்ளோ பெரிய காம்பவுண்டுல ஒரு பலா மரம் இல்ல, கவனிச்சீங்களா?"

போனவுடனே கவனித்திருந்தேன்.