எனக்கு ஒரு ‘ஏ’ சான்றிதழ் வேண்டும்

அனுப்புநர்: பேரன் எடுத்து, பென்ஷனும் வாங்கும் ஒரு பார்வையாளன், தமிழ்நாடு.

பெறுநர்: தலைவர் அவர்கள், மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம், மும்பை.
நகல்: சென்னை மண்டல அலுவலகம், சாஸ்திரி பவன், நுங்கம்பாக்கம்.

பொருள்: வயதுவந்தவர் எனச் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. திரைப்படச் சட்டம், 1952. 2. அதன் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம். 3. என் தலைநரை.

மதிப்பிற்குரிய ஐயா,

படங்களுக்குத் தாங்கள் சான்றிதழ் வழங்கி வருவது நாடறிந்த விஷயம். அவற்றைப் பார்க்கிறவனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும் என்று தோன்றியதால் இந்த விண்ணப்பம். நான் வயதுவந்தவன்தான் என்று ஒரு காகிதத்தில் எழுதி, தங்கள் முத்திரையைக் குத்தித் தர வேண்டும்.

மற்ற துறைகள் இந்த விஷயத்தில் தாராளமாகத்தான் இருக்கின்றன. எங்கள் காலத்தில் 21 வயதில் கொடுத்த ஓட்டுரிமையை 1989-ல் 18-க்கு இறக்கினார்கள். ஆண்பிள்ளை 21-ல் கல்யாணம் செய்துகொள்ளலாம். டாஸ்மாக் கடைக்குப் போகவும் அதே 21 போதும். 25 ஆனால் எம்.எல்.ஏ. ஆகிச் சட்டமே இயற்றலாம். ஆனால் ‘ஏ’ படத்தில் வில்லன் என்ன சொல்லித் திட்டினான் என்பதைக் காதால் கேட்க எத்தனை வயதாக வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டத்திலும் காணோம்.

18 நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் படத்திலும் கத்தரி வைக்கிறீர்களே, அந்த வெட்டு யாரைக் காப்பாற்ற? உள்ளே குழந்தை இல்லை. இருந்தால் தியேட்டர்காரருக்குத் தண்டனை என்று சட்டமே மிரட்டுகிறது. ஆக, மிச்சம் இருப்பது நான்தான். ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் 52 இடத்தில் வெட்டச் சொன்னீர்கள். படக்குழு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அலைந்து, ஒருவழியாக 2011-ல் ‘ஏ’ முத்திரையோடு படம் வந்தது. அதற்குப் பிறகும் ஊரில் யாரும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. 2021-ல் அந்தத் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டார்கள். இப்போது வழக்கென்றால் நேரே ஐகோர்ட்தான்.

இன்னொரு சந்தேகம். எந்தப் படத்தையும் முதலில் வெட்டில்லாமல் முழுசாகப் பார்ப்பது தங்கள் எக்ஸாமினிங் கமிட்டி. அங்கே தகராறு என்றால் ரிவைசிங் கமிட்டியும் பார்க்கிறது. எங்களுக்கு ஆகாதென்று தள்ளிய அத்தனையையும் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, குறிப்பும் எடுத்துக்கொண்டு அவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறார்கள். அவர்களுக்குப் போடும் தடுப்பூசி எது என்று சொன்னால் நாங்களும் போட்டுக்கொள்வோம்.

வசவுகளை மியூட் செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். அடியாள் வாயைத் திறப்பான், சத்தம் நின்றுவிடும், உதடு மட்டும் அசையும். அந்த அரை நொடி இடைவெளியை முன்வரிசை இளவட்டங்கள் கோரஸாக நிரப்புவார்கள். படத்தில் ஒருவன் முணுமுணுத்துவிட்டுப் போக வேண்டிய வார்த்தை முந்நூறு தொண்டையிலிருந்து வரும். குழந்தைகளையும் அழைத்துப்போகும் யுஏ படமென்றால் பக்கத்து சீட்டிலிருந்து பேரனும் கேட்பான்: “தாத்தா, அவன் என்ன சொன்னான்?” சத்தத்தோடு விட்டிருந்தால் பையன் பாப்கார்னில் கவனமாக இருந்திருப்பான்.

வெட்டுவதில் தங்கள் நுணுக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2015-ல் ஜேம்ஸ் பாண்டின் முத்தத்தைச் சரிபாதியாகக் குறைத்தீர்கள். பத்து வருஷம் கழித்து சூப்பர்மேன் வந்தார். அவர் கணக்கில் 33 நொடி முத்தம் போனது. அதே 2025-ல் ‘எஃப்1’ படத்தில் நடுவிரல் காட்டும் எமோஜி ஒன்று மடக்கிய முஷ்டியாக மாறியது. இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது: விரலைக் காட்டினால் ஆபாசம், முஷ்டியைக் காட்டினால் குடும்பப் படம். தமிழ் சினிமா இந்த நீதியை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. நம்ம ஹீரோ இரண்டரை மணி நேரம் முஷ்டியோடுதான் இருக்கிறார்.

2023 திருத்தத்தை மனதாரப் பாராட்டுகிறேன். ஒரே யுஏ-வாக இருந்ததை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தீர்கள். கூடவே, இது பெற்றோருக்கான வழிகாட்டல்தான், வேறு யாரும் இதைக் காட்டித் தடுக்க முடியாது என்றும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பிள்ளையைப் பற்றி அப்பா அம்மா முடிவு செய்யட்டும் என்பது நியாயம்தானே? பத்து வயதுப் பிள்ளைக்கு எது ஆகும் என்று முடிவெடுக்கும் புத்தி எனக்கு உண்டு என்று இந்திய அரசு நம்புகிறது. எனக்கு எது ஆகும் என்று முடிவெடுக்கும் புத்தி மட்டும் எனக்கு இல்லையாம்.

தியேட்டர் கேட்டில் நிற்கிறவர் நிலைமையையும் பாருங்கள். ‘ஏ’ படத்துக்கு அரும்பு மீசைப் பையன் ஒருவன் வருகிறான். டார்ச்சை முகத்தில் அடித்து, “வயசு என்ன?” என்கிறார். “பதினெட்டு.” “எந்த வருஷம் பிறந்தே?” பையன் விரல் விட்டு எண்ண ஆரம்பிக்கிறான். அவனைத் திருப்பி அனுப்புவதற்குள், தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு குடும்பம். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்தபோது ‘18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்’ என்ற எச்சரிக்கைக்குச் சம்மதம் என்று தட்டியவர் அந்த அப்பாதான். 2023-ல் ‘விடுதலை’ படத்துக்குச் சென்னை தியேட்டர் ஒன்றில் இப்படித்தான் வாக்குவாதம் முற்றிப் போலீஸ் வரை போனது. 2025-ல் ‘கூலி’க்கு ‘ஏ’ கொடுத்தீர்கள். ரஜினி படத்துக்குக் குழந்தை குட்டிகளோடு போகாவிட்டால் அது என்ன ரிலீஸ்? யுஏ கேட்டுப் பட நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடியானது.

பட முதலாளிகள் ஏன் இந்த எழுத்துக்கு இப்படிப் பறக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ‘ஏ’ என்றால் ஃபேமிலி ஆடியன்ஸ் போச்சு. டிவிக்குத் தனியாக இன்னொரு சான்றிதழ் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் கூத்து இன்னும் பெரிது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006-ல் சலுகை வந்தது. எல்லோரும் பார்க்கலாம் என்ற ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்று 2011-ல் சேர்த்தார்கள். அவ்வளவுதான், அரிவாள் சுழன்ற படங்களெல்லாம் ‘யு’வுக்கு வரிசையில் நின்றன. குழந்தைக்கு ஏற்ற படமா என்ற கேள்வி, கஜானாவுக்கு எவ்வளவு என்ற கேள்வியாகிவிட்டது. 2017-ல் ஜிஎஸ்டி வந்துதான் அந்தக் கதை முடிந்தது.

தாங்கள் இவ்வளவு பாடுபட்டு வெட்டிய பிறகு படம் ஓடிடிக்குப் போகிறது. அங்கே தங்கள் கத்தரி எட்டாது; 2021 விதிகளின்படி வயதுக்குறியை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி கட்டாயம். எங்கள் வீட்டிலும் பூட்டு உண்டு. பின் நம்பர் மறந்துபோனால் பேரனைக் கேட்டுக்கொள்கிறேன். போட்டுக் கொடுத்ததே அவன்தான். அவன் தமிழில் தடுமாறாமல் படித்த முதல் வாக்கியமும் சினிமா கொடுத்ததுதான்: ‘புகை பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு.’

ஆகவே பணிவுடன் கோருவது:

1. வயதைச் சொல்வது தங்கள் வேலையாக இருக்கட்டும். படத்தில் என்ன இருக்கிறது, ரத்தமா, வசவா, படுக்கையறையா என்று கொட்டை எழுத்தில் போஸ்டரிலேயே போடுங்கள். பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

2. ‘ஏ’ கொடுத்த படத்தில் கை வைக்காதீர்கள். சட்டம் தடுக்கும் காட்சி வேறு. முகம் சுளிக்க வைக்கும் காட்சியை நாங்களே சுளித்துக்கொள்கிறோம்.

3. இவை முடியாதென்றால், முதலில் கேட்ட சான்றிதழையாவது எனக்கு வழங்குங்கள். முன்பு படங்களின் சான்றிதழ் 10 வருஷத்துக்குத்தான் செல்லும். 2023 திருத்தம் அதை நிரந்தரமாக்கியது. எனக்கும் நிரந்தரமாகவே கொடுங்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை சாஸ்திரி பவனில் வரிசையில் நின்று, வளர்ந்துவிட்டேன் என்று நிரூபிக்க முழங்கால் ஒத்துழைக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்னும் சான்றளிக்கப்படாத பார்வையாளன்.

இணைப்பு: ஆதார் நகல், வாக்காளர் அட்டை நகல், நான் படம் பார்க்கலாம் என்று பேரன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம்.