ஒன்றரை மடங்கு பக்தி

சென்னையில் அடுக்ககத்துக்கு ஒருவராவது தேறுவார். லிஃப்டில் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய இறங்குகிறாரே, அவர்தான். பெயர் அவசரானந்தர் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் 2 சுலோகம். நடுவில் எவராவது ஏறினால் பகவானுக்கு ஒன்று உபரி.

சகஸ்ரநாமம் காரில். எம்.எஸ். பாடியது ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். இவர் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுகிறார். "ஆயிரம் நாமத்துல ஒண்ணு குறைஞ்சுதா சொல்லுங்க? பத்து நிமிஷம் மிச்சம்!" அந்தப் பத்து நிமிஷத்தில் 'பதறாத காரியம் சிதறாது' என்ற பொன்மொழியை, பூப்போட்ட காலை வணக்கத்தோடு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அனுப்புவார்.

திருமலைக்கு 300 ரூபாய் தரிசன டிக்கெட் இணையத்தில் திறக்கும் காலையில் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆளுக்கொரு போனோடு குடும்பமே தவம் கிடக்கும். டிக்கெட் கிடைத்து, மலையேறி, வரிசையில் ஊர்ந்து, சன்னிதியை எட்டினால் "ஜருகண்டி, ஜருகண்டி!" இவரையே அவசரப்படுத்த உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்பதே எனக்கு ஆறுதல். இறங்கும்போது அவர் புலம்புவார்: "ஒரு நிமிஷம் நிம்மதியா கும்பிட விடறானுங்களா?" நிம்மதி என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வேறெங்கும் நான் கேட்டதில்லை.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். போய் வந்தவரிடம் அருணாசலேசுவரரைப் பற்றிக் கேட்டால் கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டுவார். எத்தனை காலடி, எத்தனை கலோரி, இதயத் துடிப்பு உட்பட எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பாவம் எவ்வளவு கரைந்தது என்பதை மட்டும் அந்தக் கம்பெனிக்காரன் இன்னும் சேர்க்கவில்லையாம். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒரு பிரதோஷத்துக்கு ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லையில் இருக்கும் சுருட்டப்பள்ளிக்குப் போனார். சிவன் அங்கே லிங்கமாக மட்டும் இல்லை. ஆலகால விஷம் உண்ட களைப்பில் அம்பாள் மடியில் தலை வைத்து, ஆறடிக்கு மேல் நீண்டு படுத்திருக்கிறார். பள்ளிகொண்டீசுவரர் என்று பெயர். உலகத்தைக் காப்பாற்றிய கையோடு சாய்ந்துவிட்ட சாமி! அவர் முன்னால் நின்று இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்: "இங்க ஆச்சு. திரும்பற வழியில பெரியபாளையத்தையும் முடிச்சிடலாமா?"

ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், மதியம் கொஞ்சம் படுங்கள் என்றார். மறுநாளே போனில் 2 மணிக்கு 'ஓய்வு' என்று அலாரம் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாம்பார் சாதம் உண்ட மயக்கத்தில், ஒன்றரைக்கே சாய்வு நாற்காலியில் அவர் கண் அசந்தார். குறட்டை சுருதி சேரும் நேரத்தில் அலாரம் அலறியது. வாரிச் சுருட்டி எழுந்து அணைத்தார். "என்னங்க, இப்பத்தானே தூங்கினீங்க?" என்றார் மனைவி. "அது கணக்குல வராது. இப்பத்தான் ரெஸ்ட் டைம்" என்றவருக்கு நாலு மணி வரை தூக்கம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம் 12.45-க்கு எங்கள் பகுதிச் சிவன் கோயில் வாசலில் பார்த்தேன். நடை சாத்தியாகிவிட்டது. துண்டை விரித்துத் தலை சாய்த்திருந்த காவலாளியை எழுப்பிக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்குத்தான் சார் திறப்பாங்க."

"ஒரே நிமிஷம்ப்பா. கதவை லேசா..."

"சாமி ஓய்வெடுக்கிற நேரம் சார்."

அவசரானந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பக்கத்துல மதியம் மூடாத சாமி யாராவது இருக்காரா?"

"முனையில அரசமரத்தடிப் பிள்ளையார் இருக்காரு. கதவே கிடையாது."

"போற வழிதானே? வண்டியை விட்டு இறங்கணுமா?"